தேய்ந்த நெற்றி

மரச்சிலைக்கு வயது சொல்ல விரல்தான் வேண்டும், சார். கண் அடுத்தபடிதான். திண்டிவனத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பழைய சாமான் கடை வைத்து நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

நீங்கள் மேசைமேல் வைத்திருக்கும் சீனக் கிழவரை நான்தான் செதுக்கினேன். புடைத்த நெற்றி, ஒரு கையில் தடி, மறு கையில் பழம். இதற்கு முன்னால் இதேபோல் வேறொன்று செய்து, டீத்தண்ணீரில் ஊறவைத்து, அடுப்புப் புகையில் தொங்கவிட்டிருந்தேன். சென்னையிலிருந்து வந்த நெடுஞ்செழியன், சீனப் பொருள்களுக்கு வயது சொல்பவர், ஒரே நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். "அழுக்கு எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இருக்குது. நெஜமா பழசுன்னா கைபட்ட எடம் மட்டும் தேஞ்சிருக்கணும்" என்றார். நியாயமான பேச்சு. எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று.

கை வேண்டும், அதுவும் தினமும். கடைக்குப் பின்தெருவில் ராயப்பன் என்ற பெரியவர் தனியாக இருந்தார். எண்பது வயது. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது அவருடைய அப்பா பாண்டிச்சேரி போய், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, வியட்நாமிலுள்ள சைகோனுக்குக் கப்பல் ஏறியவர். திரும்பவில்லை. ஒரு போட்டோகூடக் கிடையாது. பெரியவர் வீட்டில் பிரிட்ஜ் இல்லை, அதனால் அவருடைய சர்க்கரை ஊசி மருந்து என் கடை பிரிட்ஜில் இருக்கும். காலையும் மாலையும் வந்து போட்டுக்கொண்டு போவார்.

இந்தப் பொம்மையை அவரிடம் கொடுத்தேன். விழுப்புரத்தில் ஒரு பட்டாளத்துக்காரர் வீட்டுப் பெட்டியில் கிடந்தது, உங்கள் அப்பா உங்களுக்காகக் கொடுத்தனுப்பியதாம் என்றேன். அவர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அதன் நெற்றியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

பதினான்கு மாதம் தடவினார். சித்திரையில் நெடுஞ்செழியன் மறுபடி வந்து, பெரியவர் மடியில் வைத்தபடியே பூதக்கண்ணாடியால் பார்த்தார். நெற்றி வழுவழுவென்று இருந்தது, உடை மடிப்புகளில் அழுக்கு அப்படியே. "நூறு வருஷம் தாராளமா சொல்லலாம். அசல்" என்றார். எனக்கு அன்று தலைகால் புரியவில்லை. அதை மறைக்க மாட்டேன்.

அவர் போனதும் பெரியவரிடம் பொம்மையைக் கேட்டேன்.

"எங்கப்பாதுங்க. உசுரு இருக்கிற வரைக்கும் வச்சிக்கினு இருக்கேன். அப்பறம் நீங்களே எடுத்துக்கினு போங்க" என்றார் ராயப்பன்.

நான்கு தடவை கேட்டேன். உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்பீர்கள். எண்பது வயதுக்காரரிடம் போய், உங்கள் அப்பா எதையும் அனுப்பவில்லை என்று எப்படிச் சொல்வது? மனசு கேட்கவில்லை.

மருந்தில் நான் எதையும் கலக்கவில்லை. பகலில் தகரக் கூரையின்மேல் வெயிலில் வைத்தேன்; சூடுபட்டால் அந்த மருந்துக்கு வீரியம் போய்விடும். அவர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மறுபடி பிரிட்ஜில் வைத்துவிடுவேன். கையில் வாங்கும்போது சில்லென்றுதான் இருக்கும். "ஒரே தாகமா இருக்குது, நாக்கு வறண்டுக்கினே போவுது" என்று ஒருநாள் சொன்னார். இந்த வருடம் வெயில் அதிகம் என்றேன். பானைத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். பதினேழாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவருடைய மகள் ஆரோக்கியசெல்வி வந்தாள். குயிலாப்பாளையத்தில் வேலை பார்ப்பவள். பொம்மையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"தன் கையால குடுக்க மனசு வரல, நீ வந்து இத அவருகிட்ட குடுத்துருன்னு போன வாரமே போன்ல சொன்னாருங்க அப்பா. தெனம் மருந்த பத்திரமா வச்சிக் குடுக்கிறாரு, அவரு கேட்டு இல்லன்னுட்டனேன்னு பொலம்பிக்கினே இருந்தாரு. எனக்குத்தான் வேலைய விட்டுட்டு வர முடியல."

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சென்னைக்கு எடுத்துப் போய் நெடுஞ்செழியனிடமே விற்றேன்.

அவர் பிறகு மரத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டுப் புகார் கொடுத்திருக்கிறார். அதில் ராயப்பன் பெயர் இல்லை. நீங்களும் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். அவரைக் கொன்றது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். போலிப் பொருள் விற்றதாக மட்டும் எழுதாதீர்கள், சார். நான் யாரையும் ஏமாற்றிப் பிழைத்தவன் இல்லை.