என் இத்தாலியன் வண்டியின் பராமரிப்பு

பழைய வெளிநாட்டுக் கார் வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறையாவது அதை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். நம் பக்கத்தில் யாரும் இதைச் செய்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை துடைத்து, போட்டோ எடுத்து, மறுபடியும் தார்ப்பாய் போட்டு மூடிவிடுகிறார்கள். அப்புறம் பேட்டரி செத்துவிட்டது, பெட்ரோல் குழாயில் துரு ஏறிவிட்டது என்று புலம்புகிறார்கள். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை உப்புக்காற்று வீட்டுக் கேட்டையே தின்றுவிடுகிறது. அறுபது வருடத்து வண்டியை விட்டுவைக்குமா? உங்களுக்கு இது சம்பந்தமில்லாத பேச்சாகத் தெரியலாம், இன்ஸ்பெக்டர் மேடம். ஆனால் என் வாக்குமூலம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் நேற்று மதியம் நடந்தது ஏதோ ஆத்திரத்தில் நடந்ததுபோல் ஆகிவிடும்.

பெயர் தாமோதரன். வயது ஐம்பத்தாறு. ஊர் செங்கல்பட்டு. மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வாளர். இருபத்தெட்டு வருடமாகக் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். நான் சரி என்று கையெழுத்துப் போட்ட பாகம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதனால்தான் உங்கள் ரைட்டர் ‘மின்கசிவினால் தீ’ என்று எழுதி வைத்திருப்பதில் என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை. எரிந்துபோன ஷெட்டுக்குக் கரண்ட் கனெக்‌ஷனே கிடையாது. தீ வைத்தது நான்.

எங்கள் குழுவில் பதினோரு பேர் இருக்கிறோம். எல்லோரும் பழைய ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை கோவளத்தில் கூடி, நாஸ்தா முடித்து, வரிசையாக மாமல்லபுரம் வரை ஓட்டிக்கொண்டு போவோம். நான் எப்போதும் யாராவது ஒருவர் வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவேன். அந்த சீட்டுக்குப் போட்டியே நடக்கும். வழியில் என்ஜின் சத்தம் மாறினால் காரணம் சொல்ல நான் வேண்டும் அல்லவா?

வைத்துக்கொள்ள எந்த நாட்டு வண்டி உத்தமம் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். நான் பாரபட்சம் இல்லாமல் சொல்வேன். ஜெபகுமாரிடம் இருந்தது பிரிட்டிஷ் வண்டி. அவர் கல்பாக்கத்தில் டெக்னீஷியன். யாரோ தோட்டத்தில் கோழி அடைத்து வைத்திருந்த வண்டியை வாங்கி, வெளியில் ஒரு ஆளை வைக்காமல், தன் கையாலேயே பதினான்கு வருடம் உழைத்து ஓட வைத்தார். ஆனாலும் எண்ணெய் ஒழுகும். ஒரு அலுமினியத் தட்டை டிக்கியிலேயே வைத்திருப்பார். சாப்பிடப் போகிற இடத்தில் முதலில் வண்டிக்கு அடியில் தட்டை வைத்துவிட்டுத்தான் தனக்கு இலை போடச் சொல்வார். அடுத்தது ஹரிகிருஷ்ணன். ஐ.டி. கம்பெனியில் பெரிய வேலை, ஜெர்மன் வண்டி. அது லேசில் கெடாது. கெட்டுவிட்டால் நம் ஊர் மெக்கானிக் யாரும் அதற்குச் சரிப்பட மாட்டான். தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைபோல் ஒரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும்.

என்னுடையது இத்தாலியன். அறுபத்தேழாம் வருட மாடல், இரண்டே சீட், கருநீலம். சிவப்பு எல்லோரும் வைத்திருக்கிறார்கள். ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட என்னை நடுரோட்டில் நிறுத்தியதில்லை. ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகியதில்லை. துரு என்ற பேச்சே கிடையாது. மூன்றையும் ஒப்பிட்டால் வைத்துக்கொள்ள இத்தாலியன்தான் சிறந்தது என்பது என் முடிவான கருத்து. அப்படி ஒரு வண்டி என்னிடம் இல்லை என்பதற்காக இந்தக் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

ஆமாம் மேடம், இல்லை. எப்போதும் இருந்ததில்லை. என் மனைவி சங்கரி பெயரில் ஒரு மொபெட் இருக்கிறது.

நான் திட்டம் போட்டு ஏமாற்றவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு, திருப்போரூர் போகிற வழியில் ஜெபகுமாரின் வண்டி நின்றுபோயிருந்தது. பஸ்ஸுக்காக நின்ற நான், அவர் ஸ்டார்ட் செய்து பார்க்கிற சத்தத்தைக் கேட்டே கார்புரேட்டரில் மிதவை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன். தட்டிப் பார்த்தார், ஓடியது. “யப்பா, இன்னா மூளை அண்ணாத்த ஒனக்கு! நீ இன்னா வண்டி வச்சிகினு கீற?” என்று கேட்டார். வண்டி வைத்திருக்கிறேனா என்று கேட்கவில்லை, என்ன வண்டி என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இல்லை என்று பதில் சொல்வது மரியாதையாகப் படவில்லை. இத்தாலியன் என்றேன்.

அதன் பிறகு நான் மனிதன் ஆனேன். கம்பெனி பஸ்ஸில் வருகிறவனிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. இவர்கள் கேட்டார்கள். பெரிய பெரிய சம்பளக்காரர்கள், “தாமோதரன் சார், நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்” என்று போனில் காத்திருந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

வண்டி இல்லையென்றாலும் பராமரிப்பில் நான் குறை வைக்கவில்லை. சர்வீஸ் நோட்டு ஒன்று போட்டிருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றியிருக்கிறேன். சந்தேகம் வராமலிருக்க ஒரு கியர்பாக்ஸ் விரிசலும் வைத்தேன், அதற்கான பாகம் கப்பலில் வர பதினோரு மாதம் ஆனது. அந்தப் பதினோரு மாதமும் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. வண்டி மதுராந்தகம் ஏரிக்கு அந்தப் பக்கம் என் மைத்துனர் கேசவனின் தகர ஷெட்டில் இருப்பதாகவும், ரெஸ்டோரேஷன் முடியும்வரை யாரும் பார்க்கக்கூடாது, கண் பட்டுவிடும் என்றும் சொல்லியிருந்தேன். குழுவில் நாலு பேர் அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை செய்கிறவர்கள். திருஷ்டி என்றதும் அவர்கள்தான் முதலில் தலையாட்டினார்கள்.

போன வருடம் ஜெபகுமார் இத்தாலி போன சிநேகிதர் ஒருவரிடம் சொல்லி, என் வண்டிக்கு ஒரிஜினல் ஹார்ன் ஒன்று வரவழைத்துக் கொடுத்தார். வீட்டு ஷோகேஸில் வைத்தேன். “இல்லாத காருக்கு எதுக்குங்க ஹாரனு? மொபெட்லயாவது மாட்டுங்க, லாரிக்காரன் வழி வுடுவான்” என்றாள் சங்கரி. இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை.

இந்த வருடம் சிக்கல் ஆயுத பூஜையில் வந்தது. “ஒன்பது வருசமா அண்ணன் ஒண்டியா மல்லு கட்டிக்கினு கீறாரு. இந்தத் தபா பூஜைய அவர் ஷெட்லயே போட்டு, எல்லாருமா சேந்து வண்டிய ஸ்டார்ட் பண்ணிடுவோம்” என்று வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஆரம்பித்தார்கள். ஒரு மணி நேரத்தில் மாலை, பூசணிக்காய், பொரி எல்லாவற்றுக்கும் ஆள் பிரித்துவிட்டார்கள். வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஹரிகிருஷ்ணன் தன் டூல்ஸ் பெட்டியோடு வருவதாகச் சொன்னார். ஜெபகுமார் மட்டும் அன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை.

வண்டி இல்லை என்று சொல்லிவிட்டிருக்கலாமே என்கிறீர்கள். ஒன்பது வருடம் வளர்த்ததை எப்படி இல்லை என்பது? அது செத்துப்போவதுதான் எல்லோருக்கும் கௌரவம் என்று முடிவு செய்தேன். பூஜைக்கு முந்தின நாள், அதாவது நேற்று, ஷெட் எரிய வேண்டும். கேசவன் நெல் லோடு விஷயமாக வெளியூர் போயிருப்பார். உள்ளே வைக்கோல் கொஞ்சம் இருக்கிறது. எரிந்த பிறகு காட்டுவதற்காகப் பழைய இரும்புக் கடையில் ஒரு ஸ்டியரிங்கும் இரண்டு ரிம்மும் வாங்கிக்கொண்டேன். யாருக்கும் காயம் படாது. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, இரண்டு தடவை சரிபார்த்தேன்.

மதியம் இரண்டரை மணிக்குக் கதவைத் திறந்தேன். உள்ளே ஜெபகுமாரின் வண்டி நின்றது.

கழுவித் துடைத்து, பானெட்டில் ஒரு முழம் சாமந்தி வைத்திருந்தது. அவர் கிறிஸ்தவர், ஆனால் பூஜைக்கென்று வந்தால் வண்டிக்குப் பூ வைக்காமல் விடமாட்டார். அடியில் தட்டு இருந்தது. ஸ்டியரிங்கில் ஒரு காகிதம் சொருகியிருந்தது. அதில் இருந்ததை அப்படியே சொல்கிறேன்: “அண்ணாத்த, கோவிச்சிக்காத. ஒன் மச்சான் கேசவன் மூணு வருசம் முன்னயே எங்கைல சொல்லிட்டாரு. கேட்டா நீ பேஜாராய்டுவன்னு கேக்கல. நாளிக்கு பூஜ என் வண்டிக்கு போட்டுக்கலாம். ஒன் வண்டிய பெயின்டுக்கு நான்தான் எடுத்துகினு போய் வுட்டேன்னு எல்லாருக்கும் சொல்லிடறேன். நான் சொன்னா நம்புவாங்க. ஒண்ணியும் யோசிக்காம வா.”

இரண்டு தடவை படித்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. மூன்று வருடமாக ஒருவர் என் வண்டி இல்லை என்று தெரிந்துகொண்டே அதன் சௌக்கியத்தை விசாரித்திருக்கிறார். கியர்பாக்ஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். ஹார்ன் போன வருடம் வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தீ வைக்கும்போது உள்ளே கார் இருப்பது தெரியுமா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். தெரியும். சாவியும் அதிலேயே இருந்தது. தள்ளி வெளியே விட ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதையும் யோசித்தேன். ஆனால் வெளியே தள்ளினால் ஷெட்டில் வேறு எதுவும் இல்லை என்று ஆகிவிடும். மறுநாள் வருகிற பத்துப் பேரும் ஒரு பிரிட்டிஷ் வண்டியைச் சுற்றி நிற்பார்கள், ஜெபகுமார் என்னைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பார். அவர் சிரிக்காமல் இருப்பதை நான் எத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருப்பது? தவிர, என் வண்டி நிற்க வேண்டிய இடத்தில்தான் அதை நிறுத்தியிருந்தார். தட்டையும் மீறித் தரையில் எண்ணெய் சொட்டியிருந்தது.

எழுதி வைத்த திட்டத்தைக் கடைசி நேரத்தில் மாற்றுவது என் வழக்கம் இல்லை. ஸ்டியரிங்கையும் ரிம்மையும் பக்கத்தில் இடம் பார்த்து வைத்தேன். காகிதத்தை எடுத்த இடத்திலேயே சொருகினேன், அது அவருடைய பொருள். பிறகு வைக்கோலைப் பற்ற வைத்தேன். தகரம் சூடேறி வெடிக்கிற சத்தம் வந்தபின் தீயணைப்பு நிலையத்துக்கு நானே போன் செய்தேன். விலாசம் தெளிவாகச் சொன்னதற்கு அவர்கள் நன்றி சொன்னார்கள்.

தகவல் தெரிந்து ஜெபகுமார் நாலரை மணிக்கு வந்தார். பஸ்ஸில் வந்தார். ரோட்டிலிருந்து ஓடி வந்து, புகைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். பதினான்கு வருட உழைப்பு என்று முன்பே சொன்னேன். பின்னாலேயே குழுவில் ஐந்தாறு பேர் வந்தார்கள், நீங்களும் வந்தீர்கள். உள்ளே என்ன இருந்தது என்று நீங்கள்தான் அவரிடம் கேட்டீர்கள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு, “ரெண்டு வண்டி மேடம். என்னுது ஒண்ணு, அண்ணாத்தது ஒண்ணு” என்றார். ஹரிகிருஷ்ணன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். என் வண்டிக்காக நான் அழுதது அதுதான் முதல் தடவை.

இப்போதும் அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், புகார் எதுவும் கொடுக்க மாட்டேன் என்கிறாராம். அது அவருடைய பெருந்தன்மை. நான் செய்ததை நான் மறைக்கவில்லை. ஷெட்டை எரித்தேன், தெரிந்தே அவர் வண்டியை எரித்தேன், இரண்டுக்கும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் உங்கள் ரிப்போர்ட்டில் எரிந்த வாகனம் ஒன்று என்று இருக்கிறது. அதைத் திருத்தச் சொல்லுங்கள். சாம்பலில் ஒரே என்ஜின்தான் கிடைத்தது என்கிறீர்கள். ஸ்டியரிங் இரண்டு கிடைத்ததே, அதை யார் எண்ணுவது? என்னை நம்ப வேண்டாம், நான் குற்றவாளி. ஜெபகுமாரைக் கூப்பிட்டு இன்னொரு தடவை கேளுங்கள். வண்டி விஷயத்தில் அவர் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை.