பஞ்சு மூட்டை மேல் ஒரு விசாரணை

முதலாளி: அண்ணே... அண்ணே, எழுந்திருங்க.

தையல்காரர்: ம்... ம்ம்...

முதலாளி: அண்ணே!

தையல்காரர்: யாரு... ஓ. நீங்களாம்மா.

முதலாளி: நானேதான். சாப்பாட்டு நேரம் முடிஞ்சு எவ்வளவோ நேரம் ஆச்சு. பஞ்சு மூட்டைக்குள்ள பாதி புதைஞ்சு கிடக்கீங்க. செருப்பு மட்டும் வெளியில தெரிஞ்சுது... ஒரு நிமிஷம் பயந்தே போயிட்டேன்.

தையல்காரர்: தூங்கிட்டேன்மா.

முதலாளி: அது தெரியுது.

தையல்காரர்: வேலை நேரத்துல தூங்கிட்டேன். என் தப்புதான். ஒத்துக்கறேன்.

முதலாளி: நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையே.

தையல்காரர்: கேக்க என்ன இருக்கு? கண்ணால பார்த்துட்டீங்க. வேலை நேரத்துல தூங்குற ஆளை எந்த முதலாளி வச்சுக்குவாங்க? டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டுக் கிளம்பறேன். நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க.

முதலாளி: உக்காருங்க.

தையல்காரர்: இல்லம்மா, கிளம்...

முதலாளி: உக்காருங்கன்னேன். அப்படியெல்லாம் கிளம்ப முடியாது. அதுக்கு ஒரு முறை இருக்கு.

தையல்காரர்: தூங்குறதுக்கா?

முதலாளி: அனுப்புறதுக்கு! சின்னத் தலையணைக் கடைதானேன்னு நினைச்சபடி ஆளை வெளியில தள்ளக் கூடாது. என்ன தப்புன்னு உங்ககிட்ட தெளிவா சொல்லணும். உங்க பக்கத்து நியாயத்தைக் கேக்கணும். உங்களுக்கு நம்பிக்கையான ஒருத்தரைத் துணைக்கு வச்சுக்க விடணும்.

தையல்காரர்: துணை எதுக்கு? இந்த வயசுல...

முதலாளி: பேசறதுக்குண்ணே. உங்க பக்கம் பேசறதுக்கு. யாரைக் கூப்பிடட்டும்?

தையல்காரர்: யார் இருக்கா இங்க? நீங்க, நான், துணி வெட்டுற அந்தக் கத்திரிப் பொண்ணு. நீங்க விசாரிக்கிறவங்க. நான் குத்தவாளி.

முதலாளி: அப்ப அவதான். கத்திரி! ஏய், கத்திரி! கொஞ்சம் வெட்டுறதை நிறுத்திட்டு இங்க வாயேன்.

கத்திரி: என்னக்கா... அடடா! அண்ணே, இது என்ன கோலம்? மேகத்துலேருந்து இறங்கி வந்த மாதிரி இருக்கீங்க.

முதலாளி: சிரிக்காதே. இது விசாரணை.

கத்திரி: எதை? இவர் தலைமுடியையா?

முதலாளி: அண்ணன் வேலை நேரத்துல தூங்கிட்டாரு. நான் முறைப்படி விசாரிக்கிறேன். நீ அவருக்குத் துணை. அவர் பக்கம் பேசணும்.

கத்திரி: இதுக்கெல்லாம் முறை இருக்கா?

முதலாளி: இருக்கு. நேத்து வக்கீலைப் பார்த்தேன். என்கூட ஸ்கூல்ல படிச்சவ. எல்லாம் விளக்கமா சொன்னா.

கத்திரி: சரி... பேசலாமா?

முதலாளி: பேசு.

கத்திரி: அண்ணன் மெஷினுக்கு மேல இருக்கிற ஃபேன் சுத்தி எத்தனை நாளாச்சு?

முதலாளி: ...ஆள் வரச் சொல்லியிருக்கேன்.

கத்திரி: வெக்கைல உக்காந்து தைக்கச் சொல்றதும் தப்புதானே? அதை யார் விசாரிக்கிறது?

முதலாளி: அதுவும் என் பொறுப்புதான். வேலை செய்யுற இடத்துல காத்து, வெளிச்சம், குடிக்கத் தண்ணி, நடுவுல கொஞ்சம் ஓய்வு... வக்கீல் அதையும் சொன்னா. சொல்லும்போது எனக்கு இந்த ஃபேன்தான் ஞாபகம் வந்துச்சு.

தையல்காரர்: வெக்கையெல்லாம் இல்லம்மா. எனக்குப் பழகிப்போச்சு. நான்தான் சோம்பேறித்தனமா...

கத்திரி: அண்ணே, சும்மா இருங்க. நான் உங்க பக்கம் பேசறேன். நீங்க யார் பக்கம் பேசறீங்க?

தையல்காரர்: நியாயத்தோட பக்கம்.

கத்திரி: அது அப்புறம் வரும். அக்கா, நீங்களே சொல்லுங்க. இந்த ரூம்ல யாருக்குத்தான் தூக்கம் வராது? எந்தப் பக்கம் திரும்பினாலும் தலையணை. ஜன்னல் கண்ணாடி வழியா வெயில் சாஞ்சு வருது. அதுல பஞ்சு மிதக்குது... கீழயும் வராம, மேலயும் போகாம... பார்த்துக்கிட்டே வெட்டினா எனக்கே கண்ணு சொக்குது.

முதலாளி: எனக்கும்தான்.

கத்திரி: இப்பக்கூட பாருங்க... அந்த ஒரு இழை. எறங்கவே மாட்டேங்குது.

முதலாளி: எது?

கத்திரி: அதோ, வெளிச்சத்துக்குள்ள. மூச்சு விடாதீங்க... ஓடிடும்.

முதலாளி: ...சுத்துது.

கத்திரி: தனக்குத்தானே சுத்துது...

முதலாளி: எவ்வளவு லேசா இருக்கு. நாமளும் அப்படி... எங்க போச்சு?

கத்திரி: அண்ணன் மீசையில.

முதலாளி: ஐயோ... சிரிக்க வைக்காதே. விசாரணைக்கு வருவோம்.

கத்திரி: வந்தாச்சு. முன்னாடி எப்பவாவது இவர் தூங்கினாரா?

முதலாளி: இல்ல.

கத்திரி: கூப்பிட்டு எச்சரிச்சிருக்கீங்களா?

முதலாளி: இல்ல. அதையும் வக்கீல் சொன்னா. முதல் தடவை, அதுவும் யாருக்கும் அடிபடாத தப்புன்னா, முதல்ல எச்சரிக்கைதான்.

கத்திரி: அப்ப எச்சரிச்சாச்சு. முடிஞ்சுது. நான் போய் வெட்டுறேன்.

தையல்காரர்: அதெப்படி? எச்சரிக்கையெல்லாம் வேண்டாம்மா. என்னை அனுப்பிடுங்க.

கத்திரி: பைத்தியமா உங்களுக்கு?

தையல்காரர்: இன்னிக்குத் தூங்கினவன் நாளைக்கும் தூங்குவேன். ஊசி மேல விழுவேன். கடைக்குத்தான் கெட்ட பேரு. அனுப்பிடுங்க.

கத்திரி: இருங்க, இருங்க... அக்கா.

முதலாளி: என்ன?

கத்திரி: வக்கீலை நேத்துப் பார்த்தேன்னீங்க.

முதலாளி: ஆமா.

கத்திரி: இவர் இன்னிக்குத்தானே தூங்கினார்? நேத்து எதுக்குக்கா போனீங்க?

முதலாளி: சும்மா... தெரிஞ்சு வச்சுக்கலாம்னு...

கத்திரி: ஆளை அனுப்புறது எப்படின்னா?

தையல்காரர்: ஏய், விடேன். அவங்க ஆயிரம் வேலையா போயிருப்பாங்க.

முதலாளி: இல்லண்ணே. கேக்கட்டும்... ஓட்டல்காரங்க நிறுத்திட்டாங்க. இனிமே நம்மகிட்ட தலையணை வாங்க மாட்டாங்களாம். வேற எங்கேயோ மலிவா கிடைக்குதாம். மிச்சம் இருக்கிற வேலைக்கு மூணு பேர் வேண்டாம். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு... தினம் காலைல சொல்லிடணும்னுதான் வருவேன். உள்ள நுழைஞ்சா மெஷின் ஓடுற சத்தம் கேக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எல்லாம் சரியாயிடும் போல இருக்கும். பேசாம கேபினுக்குள்ள போயிடுவேன்.

கத்திரி: எங்களுக்குத் தெரியும்க்கா.

முதலாளி: என்ன தெரியும்?

கத்திரி: நீங்க போன்ல பேசினது. கேபினுக்குக் கதவு இருக்கே தவிர, மேல மறைப்பு இல்லையே.

முதலாளி: அண்ணே... உங்களுக்குமா?

தையல்காரர்: அந்த மெஷின் சத்தம் சொன்னீங்களேம்மா... தைச்ச உறையையே பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சேன். சத்தம் நின்னா நீங்க வெளியில வந்து பார்ப்பீங்க. பார்த்தா ஏதாவது முடிவு பண்ணியாகணும். அதான்.

கத்திரி: நான் மெதுவா வெட்டினேன். ஒரு துணியை விரிச்சு, நீவி, மறுபடி நீவி... நத்தை மாதிரி.

முதலாளி: நான் ஒருத்திதான் ஒளிச்சு வச்சிருக்கேன்னு நினைச்சேன்.

கத்திரி: அப்ப வக்கீல் என்னதான் சொன்னாங்க?

முதலாளி: தப்பு பண்ணினான்னு அனுப்புறது வேற, வேலை இல்லைன்னு அனுப்புறது வேறயாம். ரெண்டையும் குழப்பவே கூடாதாம். வேலை இல்லைன்னா அதைத்தான் சொல்லணும். முன்கூட்டியே சொல்லணும், கூப்பிட்டுப் பேசணும், இத்தனை காலம் உழைச்சதுக்குச் சேர வேண்டியதைக் கொடுக்கணும். தப்புன்னு காரணம் காட்டி அனுப்பினா அதெல்லாம் கைநழுவிப் போனாலும் போயிடும். அதனாலேயே சில பேர் தப்பு கண்டுபிடிக்கக் காத்திருப்பாங்களாம். "நீ அப்படி ஆயிடாதே"ன்னா.

கத்திரி: நீங்க ஆகலையே.

முதலாளி: ஆயிருப்பேன். கொஞ்ச நேரம் முன்னாடி இவரைப் பஞ்சு மேல பார்த்தேன் பாரு... மனசுக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு. அப்பாடா, இனிமே நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம், இதுவே போதும்னு. இவர் என்கூட முதல் நாள்லேருந்து இருக்கிறவர். அவர் தூங்குறதைப் பார்த்து எனக்கு நிம்மதி வருது! அந்த நிம்மதியைப் பார்த்துதான் பயந்துட்டேன். அதான் விசாரணை, முறைன்னு... எனக்கு நானே கடிவாளம் போட்டுக்கிட்டேன்.

தையல்காரர்: அழாதீங்கம்மா.

முதலாளி: பஞ்சு, கண்ணுல விழுந்துடுச்சு.

கத்திரி: எனக்கு ஒண்ணு இடிக்குது. அண்ணே, இந்த ரூம்ல ஒளிஞ்சு தூங்க எவ்வளவு இடம் இருக்கு. பின்னாடி அந்தத் தலையணை அடுக்குக்குள்ள படுத்தா தேடிக்கூடப் பிடிக்க முடியாது. நீங்க எதுக்கு அக்கா கேபின் வாசலுக்கு நேரா இருக்கிற மூட்டையில வந்து படுத்தீங்க?

தையல்காரர்: கால் போன இடத்துல...

கத்திரி: செருப்புக் காலை வழியில நீட்டிக்கிட்டு?

முதலாளி: அண்ணே?

தையல்காரர்: யாராவது ஒருத்தர் போகணும்னா, கடைசியா சேர்ந்தவங்களைத்தான் முதல்ல அனுப்புவாங்கன்னு சொல்வாங்க. கடைசியா சேர்ந்தது இவதான். இவளுக்கு ரெண்டு பிள்ளைங்க. எனக்கென்ன, பொண்ணைக் கட்டிக் கொடுத்தாச்சு. சும்மா "நான் போறேன்"னா நீங்க ஏன் எதுக்குன்னு குடைவீங்க. தப்பு பண்ணினா நீங்களே அனுப்பிடுவீங்கன்னு...

கத்திரி: என்னைக் கேட்டீங்களா?

தையல்காரர்: கேட்டா ஒத்துக்குவியா?

கத்திரி: எனக்காகக் கெட்ட பேரை வாங்கிக்கிட்டு நீங்க போவீங்க. நான் இங்க நின்னு நிம்மதியா துணி வெட்டணும்? நல்லா இருக்கே! அக்கா, இவர் சொல்றது நிஜமா? கடைசியா சேர்ந்தவங்கதானா?

முதலாளி: ...பொதுவா அப்படித்தானாம். வேண்டியவங்க வேண்டாதவங்கன்னு பார்க்காம இருக்க அந்த வழக்கமாம்.

கத்திரி: அப்ப முறைப்படி பார்த்தா... நான்தான்.

தையல்காரர்: இதுக்குத்தாம்மா சொன்னேன், விசாரணையெல்லாம் வேண்டாம்னு.

கத்திரி: பரவாயில்லக்கா. சொல்லுங்க. உங்க வாயாலயே கேட்டுடறேன்.

முதலாளி: முறைப்படி பார்த்தா அதுக்கு முன்னாடி இன்னொரு படி இருக்கு. யாரையும் அனுப்புறதுக்கு முன்னாடி வேற வழி இருக்கான்னு பார்க்கணும். நேத்து ராத்திரியெல்லாம் அதைத்தான் நினைச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன்... வாரத்துல பாதி நாள் கடையைத் திறக்கலாம். மூணு பேருமே பாதி நாள். என்னையும் சேர்த்துத்தான்.

கத்திரி: பாதி நாள்னா பாதி வயிறாக்கா?

முதலாளி: மீதி நாள்ல நீ வேற இடத்துல வேலை பார்க்கலாம். நான் தடுக்கக் கூடாது. அதையும் எழுதிக் கொடுக்கறேன். தலையணை வாங்க வேற ஓட்டல் பிடிக்க எனக்கும் கொஞ்சம் காலம் கிடைக்கும். கிடைக்கலைன்னா அப்ப மறுபடி உக்காந்து பேசுவோம், இதே மாதிரி. ஆனா ஒண்ணு, இது நானா திணிக்க முடியாது. நீங்க மனசார சம்மதிக்கணும்.

தையல்காரர்: எனக்குச் சம்மதம்மா.

முதலாளி: இப்பவே சொல்லக் கூடாது. வீட்டுக்குப் போய், கலந்து பேசி, யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க சம்மதிக்கலைன்னாலும் நான் கோபப்படக் கூடாது.

கத்திரி: கோபப்படாம இருக்கக்கூட சட்டமா?

முதலாளி: கோபத்தை மனசுல வச்சுக்கிட்டுக் குத்தம் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு சட்டம். அண்ணே, உங்களுக்கும்தான். நின்ன மேனிக்கு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பக் கூடாது. போறதா இருந்தா நீங்களும் முன்கூட்டியே சொல்லணும்.

தையல்காரர்: சரிம்மா.

கத்திரி: நான் பக்கத்துத் தெருவுல யூனிஃபார்ம் தைக்கிற கடையில கேட்டுப் பார்க்கறேன். மீதி நாளுக்கு. யோசிச்சுத்தான் சொல்றேன்... நாளைக்குச் சொல்றேன். ஆனா இது போன்ல உங்க குரல் கேட்ட அன்னிக்கு இருந்த மாதிரி இல்லக்கா. அன்னிக்குத் துணி மேல வச்ச கை அப்படியே நின்னுடுச்சு.

முதலாளி: சரி. விசாரணை முடிஞ்சுது. அண்ணனுக்கு ஒரு எச்சரிக்கை.

கத்திரி: அவர்தான் தூங்கவே இல்லையே. நடிச்சாரு. நடிச்சதுக்கு என்ன தண்டனை?

முதலாளி: அதை வக்கீல்கிட்ட கேக்கலையே... ஆனா அண்ணே, பிரமாதமா நடிச்சீங்க. நான் ரொம்ப நேரம் பக்கத்துல நின்னு கூப்பிட்டேன். தோளைத் தொட்டுக்கூடப் பார்த்தேன். இமை அசையல.

தையல்காரர்: தோளைத் தொட்டீங்களா?

முதலாளி: தொட்டேனே. உலுக்கினேன்.

தையல்காரர்: ...எனக்குத் தெரியாதும்மா.

கத்திரி: தெரியாதா?

தையல்காரர்: படுத்தது நடிக்கத்தான். சத்தியமா. ஓட்டல் சேதி காதுல விழுந்ததுலேருந்து வீட்டுல கண்ணையே மூடல... விட்டத்தைப் பார்த்துக்கிட்டே கிடப்பேன். இங்க வந்து சாஞ்சா, ஒரு பக்கம் இவ துணியை நீவுற சத்தம், இன்னொரு பக்கம் கேபினுக்குள்ள நீங்க நாற்காலியை நகத்துற சத்தம்... ரெண்டு பேரும் இங்கதான் இருக்காங்கன்னு நினைச்சேன். அவ்வளவுதான்மா... நிஜமாவே தூங்கிட்டேன்.