வீடியோவுக்கு ஒரு பிள்ளை

ஹலோ... ஓம், ஓம், நான்தான், சிறுவர் இல்ல மேற்றன் கண்ணகை கதைக்கிறன்... ஓம் அருமைநாயகம் அண்ணன், நல்லா விளங்குது... இல்ல, வீடியோ இன்னும் முடியல்ல. அதச் சொல்லத்தான் போன எடுத்தன், அதுக்குள்ள நீங்களே எடுத்திட்டீங்க...

வீடியோ எடுக்க நீங்க ஒழுங்குபடுத்தின மதுரன் தம்பி வந்திட்டார், ஓம். கூட்டாளிமார் நாலு பேரும் வந்திரிக்காங்க. கேக் வந்திட்டு, பலூன் கட்டியாச்சி, கோழிக்கறியோட மத்தியானச் சாப்பாடும் வந்திட்டு. அந்தப் பொடியன்மாரில நான் குறை சொல்ல வரல்ல, பாவங்கள், வெயிலுக்க ஓடித் திரியுதுகள்... உங்கட மகள்ர முதலாவது பிறந்தநாளுக்கு எங்கட புள்ளயள் இருவத்திமூணு பேரும் வாழ்த்துப் பாடிட்டாங்க. அது எடுத்தாச்சி. சிக்கல் அந்தக் கடுதாசியில.

என்ன கடுதாசியோ? நீங்க அனுப்பினதுதானே அண்ணன்! பொறுங்க, வாசிக்கிறன். "எங்களுக்கு அம்மா இல்லை, அப்பா இல்லை, ஒருவருமே இல்லை. கனடாவில் இருக்கும் நீங்கள்தான் எங்களுக்கு எல்லாம்." இத ஒரு புள்ள கமராவப் பார்த்துச் சொல்லணும் எண்டு மதுரனுக்கு அனுப்பியிரிக்கீங்க... ஓம்... ஓம், அங்க பிறந்தநாள் மண்டபத்தில போட்டுக் காட்ட... ஓம், எல்லாரும் பார்ப்பாங்க, பார்த்து அழுவாங்க, விளங்குது...

கம்சாயினியத்தான் நிப்பாட்டியிரிக்காங்க. நல்லா வாசிப்பாள், குரலும் கணீரெண்டு இரிக்கும். அவள் முதல்ல மாட்டன் எண்டிரிக்காள். வாசிச்சாத்தான் கேக் வெட்டுற எண்டு அந்தப் பொடியன்மாரில ஒருத்தன் சொன்னானாம். சின்னதுகள் எல்லாம் கேக்கையே பார்த்துக்கொண்டு நிண்டிரிக்குகள். வாசிச்சிட்டாள்... நான் குசினிக்க நிண்டன் அண்ணன். கடுதாசிய நான் பார்க்கல்ல. அது என்ர பிழை, ஒத்துக்கொள்ளுறன்.

ஆனா அவளுக்குத் தாய் இரிக்கா!... ஓம், உயிரோட! கரடியனாத்தில!

அனாதை இல்லமெண்டா? நீங்களா அப்படிச் சொல்லுறீங்க. போர்டில சிறுவர் இல்லம் எண்டுதானே எழுதியிரிக்கு... தகப்பன் யானை அடிச்சிச் செத்திட்டார். தாய் வட்டையில வயல் கூலி வேலைக்குப் போறா, விடியப் போனா பொழுதுபட்டுத்தான் வீடு. குமர்ப்புள்ளய ஆரிட்ட உட்டுட்டுப் போற? அதுக்குத்தான் இஞ்ச உட்டிரிக்கா. இருவத்திமூணு பேரில இருவது பேருக்கு ஆரோ ஒருத்தர் இரிக்காங்க அண்ணன்...

இல்ல, கேளுங்களன்... கேளுங்க! மாசத்தில முதல் ஞாயித்துக்கிழமை தாய்மார் பார்க்க வாற நாள், வேற நாளில வைங்க எண்டு நான் போன கிழமையே சொன்னன். மண்டபத்துக்குச் சொல்லியாச்சி எண்டீங்க. அதுக்கு முதல், அங்கத்தய விழா நேரத்துக்கு எண்டு விடிய நாலரைக்குப் புள்ளயள எழுப்பி நேரடியாப் பாட வைக்கச் சொன்னீங்க. அது ஏலா எண்டதுக்கும் நான்தான் பொல்லாதவள்...

செரி. தாய் முதல் பஸ்ஸில வந்து இறங்கி, அவிச்ச சோளனும் கையுமா உள்ளுக்க வாறா. மகள் கமராவுக்கு முன்னால நிண்டு அம்மா இல்லை எண்டு சொல்லுறாள்...

ஓம். கேட்டிட்டா.

என்னை நாலு ஏச்சு ஏசியிருந்தாலும் மனம் ஆறியிருக்கும். மரத்துக்குக் கீழ குந்திக்கொண்டு, "உடுப்பெல்லாத்தையும் பேக்கில போடு, போவம்" எண்டு மட்டும் சொன்னா. இவள் அறைக்குள்ள போய்க் கதவப் பூட்டிக்கொண்டாள். கூட்டிக்கொண்டு போனா இவள்ர படிப்பு அவ்வளவுதான். அடுத்த வருஷம் பதினோராம் வகுப்பு ஓ எல் சோதினை. அங்க யானை திரியிற வழியால நாலு கட்டை தூரம் நடந்து பள்ளிக்கு ஆர் உடுவாங்க? நான் காலப் புடிக்காத குறையாக் கெஞ்சி வச்சிரிக்கன்...

இப்ப ஒரு உதவி செய்ங்க. போன அவவுக்கிட்டக் குடுக்கிறன். "நான்தான் எழுதினன், உங்கட மகளில பிழையில்ல" எண்டு ஒரு வார்த்த சொல்லுங்க... ஒரே ஒரு வார்த்த... ஆ?... ஏன் ஏலா?... நேரமில்லையோ? இவ்வளவு நேரம் என்னோட கதைக்க மட்டும் நேரமிருந்திச்சோ?

ஓம்... ஓம், சப்பாத்து நீங்கதான் வாங்கித் தந்த. கொப்பி, நுளம்பு வலை, தண்ணி மோட்டர்... ஆர் இல்லையெண்டது? அந்தச் சப்பாத்தப் போட்டுக்கொண்டுதான் புள்ளயள் பள்ளிக்குப் போகுதுகள். உங்களக் கும்பிடாத நாளில்ல. அதுக்காக, இரிக்கிற தாய இல்லையெண்டு சொல்லச் சொல்லுவீங்களா?... கத்தல்ல அண்ணன்... செரி, கத்தினன்தான். கத்தாம என்ன செய்ய?

என்ன?... திருப்பிச் சொல்லுங்க... மெய்யாவே ஒருத்தரும் இல்லாத புள்ளய நிப்பாட்டட்டாம்...

இரிக்காள். தனுஷியா. ஆறு வயசு... ஓம், சொல்லுவாள், ஏன் சொல்லமாட்டாள்? ரெண்டு தரம் வாசிச்சுக் காட்டினாப் பாடமாக்கி அப்படியே ஒப்புவிப்பாள்... ஆனா அம்மா செத்துப்போன விசயத்த அவளுக்கு நான் இன்னும் சொல்லல்ல அண்ணன். ஆசுபத்திரியில இரிக்கா எண்டுதான் சொல்லி வச்சிரிக்கன். தாய்மார் வாற நாளையில அவளும் தலை இழுத்துப் பொட்டு வச்சி, கேட்டடியிலதான் நிப்பாள். இப்பவும் அங்கதான் நிக்காள். உங்கட கடுதாசியப் படிச்சித்தானா அவள் அத அறியணும்?

ஒருத்தருமில்லாத மற்ற ரெண்டு பேரில ஒண்டையோ?... போதும் அண்ணன். வேணுமெண்டா நான் சொல்லுறன்... பகிடியில்ல. நானும் இந்த இல்லத்துப் புள்ளதான். சுனாமியோட ஒம்பது வயசில வந்தனான். எனக்கு அம்மா இல்ல, அப்பா இல்ல, ஒருத்தருமே இல்ல. நீங்க எழுதினதில ஒரு சொல்லும் பொய்யாகாது. மதுரனிட்டக் கமராவ என்ர பக்கம் திருப்பச் சொல்லவா?

ஆ?... சின்னப் புள்ளயாத்தான் வேணுமோ...

பொறுங்க. கதவு திறந்திட்டு... கம்சாயினி பேக்கோட வாறாள்... தாய் எழும்பிட்டா... இல்ல, நீங்க ஒண்டும் சொல்ல வேணாம் இனி. கம்சாயினி! நில்லு மனே! அக்கா, நில்லுங்ககா!... வைக்கிறன்.