பொத்தானை அழுத்தாதீர்கள்

நாவல் நன்றாகத்தான் இருந்தது, சார். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு எழுதியது என்று அட்டையிலேயே போட்டிருந்தாலும் எனக்கு அலுக்கவில்லை. காதல்தான் கொஞ்சம் ஜவ்வாக இழுக்கிறது. மூன்று இடத்தில் இருவரும் மழையில் நனைகிறார்கள். என் தம்பி ஒருமுறை நனைந்தால் ஒரு வாரம் தும்முவான். அதை நாவலை எழுதியவள் மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

ஓர் அலுவலகக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. நாலாவது மாடியில் மாதம் ஒருமுறை வாசகர் கூட்டம் நடத்துவது என் ஆசை. கதை முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடுவேன். பின்னுரை, நன்றியுரை எல்லாம் படிப்பதில்லை. சாப்பிட்டுக் கை கழுவியபின் பரிமாற வருகிற மாதிரி இருக்கும்.

கதை இதுதான். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி லிஃப்ட் மெக்கானிக் பையன் ஒருவனைக் காதலிக்கிறாள். அவன் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று வேலை செய்துகொண்டிருக்கிறான். கீழே கதவில் 'வேலை நடக்கிறது, பொத்தானை அழுத்தாதீர்கள்' என்று பலகை தொங்குகிறது. அவனைப் பார்க்கும் அவசரத்தில் அவள் பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துகிறாள். அவன் செத்துப்போகிறான். பல வருடம் கழித்து அதே லிஃப்ட் அவளை அந்தக் காலைப்பொழுதுக்கே கொண்டுபோய் விடுகிறது. இந்த முறை அவள் பலகையைத் தொடாமல் படியேறிப் போகிறாள். அவன் பிழைக்கிறான். மறுபடி மழை.

அந்தப் பையன் என் தம்பி. அன்று பொத்தானை அழுத்தியவள்தான் இந்த நாவலை எழுதியவள். விசாரணையில் அவள் சொன்னது ஒரே வாக்கியம்: "கதவுல பலகை எதுவும் இல்லீங்க." அதைப் பிடித்துக்கொண்டு கம்பெனி கையைக் கழுவியது. பலகை மாட்டாதது அவனுடைய கவனக்குறைவாம். "எம்புள்ள அப்படிப்பட்டவன் இல்லடி" என்று என்னிடம் சொல்லிச் சொல்லியே அம்மாவும் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது நாவலில் பலகை வந்துவிட்டது. சிவப்பு எழுத்து, கயிற்றில் இரட்டை முடிச்சு, எல்லாம் அப்படியே. பார்க்காதவளுக்கு அது எப்படித் தெரியும்? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் எழுதிக் கெட்டாள்.

கூட்டத்துக்கு அழைத்தேன். சந்தோஷமாகப் படியேறி வந்தாள். எல்லோரும் பாராட்டினார்கள், நானும் கைதட்டினேன். மற்றவர்கள் இறங்கிப் போனபின் அவளிடம் கேட்டேன்.

"அந்தப் பலகை நிஜமாவே இருந்துதா?"

அவள் கண் கலங்கிவிட்டது. "இருந்துதுன்னே வெச்சுக்கலாம்க்கா. எனக்கு அப்படித்தான் வேணும்."

ஒப்புக்கொண்டுவிட்டாள். என் முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

எங்கள் லிஃப்ட் அன்று பழுது. கூண்டு கீழ்த்தளத்தில் நின்றிருந்தது. நாலாவது மாடிக் கதவில் மெக்கானிக் மாட்டியிருந்த பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தேன், நாவலில் வருகிறபடியே. நடையில் விளக்கை அணைத்தேன். லிஃப்ட் கதவின் சாவி எப்போதும் என்னிடம்தான் இருக்கும்.

"லிஃப்ட் சரியாயிடுச்சும்மா, படி எதுக்கு" என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். "நீ முன்னால போ."

மரியாதை தெரிந்த பெண். "தேங்க்ஸ்க்கா" என்று சொல்லிவிட்டுத்தான் காலை வைத்தாள்.

பிறகு கதவைச் சாத்திப் பலகையைப் பழையபடி மாட்டினேன். வேறு யாராவது விழுந்துவிடக் கூடாதே.

இப்போது ஸ்டேஷனில் உட்காரவைத்து நீங்கள் பின்னுரையைப் படித்துக் காட்டுகிறீர்கள். அன்று பலகை இல்லவே இல்லையாம். அவன் எங்கோ மறந்து வைத்துவிட்டு வந்தானாம். அவன்மேல் பழி விழக் கூடாது என்பதற்காக, கதையிலாவது ஒன்றை மாட்டிவிட்டு, கழற்றிய குற்றத்தைத் தானே சுமந்துகொண்டாளாம். எழுதுவாள். கதைக்குள் சொன்னதுதான் சார் உண்மை, பின்னால் சொல்வதெல்லாம் பூசி மெழுகுகிற வேலை.

இன்னொன்றும் கேட்டீர்கள். என் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால், சிவப்பு எழுத்தும் இரட்டை முடிச்சுமாக ஒரு பலகை தொங்குகிறதே, அது யாருடையது என்று. தம்பியுடையதுதான். அவன் இறந்த அன்று சாப்பாட்டு மேசைக்கு அடியில் கிடந்தது. அம்மா கண்ணில் படாமல் எடுத்து ஒளித்து வைத்தேன். அம்மா போனபிறகுதான் வெளியே எடுத்து மாட்டினேன். தினமும் துடைக்கிறேன்.

அவனிடம் இரண்டு இருந்திருக்க வேண்டும்.