கோப்பை இருக்க வேண்டிய இடத்தில்

மதிப்பிற்குரிய தலைவர் உஸ்தாத் வக்தி அவர்களே, கால்வாயின் அக்கரையிலிருந்து படகேறி வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளின் காலுறைகளைக் கசக்கிக் கசக்கிக் கை காய்த்த தாய்மார்களே, முன்வரிசையில் கிசுகிசுத்துக்கொண்டிருக்கும் என் பன்னிரண்டு வீராங்கனைகளே, அனைவருக்கும் அமைதி உண்டாகட்டும்.

தலைவர் தம் முன்னுள்ள மேசையை முகம் சுளித்துப் பார்க்கிறார். காலணியை மேசைமேல் வைப்பது மரியாதை அல்ல, அறிவேன். கோப்பை இருந்திருந்தால் கோப்பையை வைத்திருப்பேன். கடைசி ஆட்டத்தில் தோற்றோம்.

கால்பந்து பிள்ளைகளைப் பண்படுத்தும் என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். நான் அதை நம்பியதில்லை. நம் மைதானத்தில் எழுந்த ஒரே ஓசை எது? "தா!" இடப்பக்கம் தா, வலப்பக்கம் தா, எட்டுத் திசையும் தா! கொடுத்தவர் யார்?

இந்தக் காலணி பஸ்மாவுடையது. முதலில் இதை, எல்லோரும் 'கேப்டன்' என்று அழைக்கும் பயிற்சியாளரான என்னிடம் கொண்டுவந்தவர் அவள் தாய், சலவைத் தொழில் செய்யும் உம்மு பஸ்மா.

"கேப்டன், அழுக்கப் பாத்தே ஆளு என்ன செஞ்சாங்கன்னு சொல்லிடுவேன். நாலு மேட்சா பாக்குறேன். அடியில மண்ணு இருக்கு, பக்கத்துல பந்து உரசின தடமே இல்ல. என் பொண்ணு சும்மா ஓடிட்டு வர்றா. கடைசி மேட்சும் இப்படித்தான்னா, இனிமே அனுப்ப மாட்டேன்."

பல்கலைக்கழகத்தில் நான்காண்டு உடற்கல்வி படித்தவள் நான். கோல்களை எண்ணினேன், கால்களை எண்ணவில்லை!

மறுநாள் அவரிடமே சலவை நீலம் வாங்கிக் குழைத்துப் பந்தில் பூசினேன். வட்டமாக நின்று பந்தைக் கடத்த வேண்டும். "தா" என்று கேட்கக் கூடாது. பேர் சொல்லி "இந்தா" என்று கொடுக்க வேண்டும். முடிவில் எல்லோர் காலணியின் உட்பக்கவாட்டிலும் நீலம் இருக்க வேண்டும். நுனியில் இருந்தால் அது தவறான உதை. ஒருத்தி காலணியில் நீலம் இல்லையென்றால், பன்னிரண்டு பேரும் மறுபடியும்.

நால்வரை ஏய்த்துப் பந்தைக் கொண்டுபோகும் எங்கள் ரீஹாம் கொதித்தாள். "இது ஃபுட்பாலா, சலவைக்கடையா கேப்டன்? இவளுக்குக் குடுத்தா பந்து கடலுக்குத்தான் போகும்!"

"போனா நீந்திப் போய் எடுத்துட்டு வரேன்டி. ஒரு தடவ குடுத்துத்தான் பாரேன்!" என்றாள் பஸ்மா.

சிரிக்கிறீர்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. ஏழு முறை மறுபடியும் தொடங்கினோம்.

வந்தது கடைசி ஆட்டம். ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். ஒரு நிமிடம் மிச்சம். ரீஹாம் காலில் பந்து, எதிரே இருவர். வலப்புறம் பஸ்மா, வாய் திறவாமல் ஓடுகிறாள். ரீஹாம் தலை நிமிர்ந்தாள்.

"இந்தா, பஸ்மா!"

பஸ்மா உதைத்தாள். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது.

பின்வரிசையில் யாரோ பெருமூச்சு விடுகிறார். ரீஹாமே அடித்திருக்கலாம் என்று அன்றும் ஒருவர் சொன்னார். அவளே பதில் சொன்னாள்: "என் முன்னாடி ரெண்டு பேரு, மாமா. அவ முன்னாடி யாருமில்ல. பாத்தேன், குடுத்தேன்."

பாத்தேன், குடுத்தேன்! பண்பு வந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். அதை அளக்க எனக்குத் தெரியாது. பந்தை மட்டுமே பார்த்த கண், பக்கத்தில் இருப்பவளைப் பார்த்தது. அதை நான் பார்த்தேன்.

ஆட்டம் முடிந்ததும் உம்மு பஸ்மா மகளின் காலணியைக் கழற்றி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய நீலத்தின்மேல் பந்து உரசிய புதுத் தடம்.

"அடுத்த பயிற்சிக்கு எத்தன மணிக்கு அனுப்பணும், கேப்டன்?"

ஊரார் துணியையெல்லாம் வெளுக்கும் அந்தத் தாய், இந்தக் காலணியை மட்டும் இன்றுவரை துவைக்கவில்லை. தலைவர் அவர்களே, அதனால்தான் இது உங்கள் மேசைமேல் இருக்கிறது.

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி, வணங்கி, வெகுநேரம் என் கையிலேயே இருந்துவிட்ட இந்த ஒலிவாங்கியைக் கடத்துகிறேன்.

இந்தா, பஸ்மா!