தத்தெடுக்கக் கொலைக் கேஸ் வக்கீல்

சவுத் பிரிட்ஜ் ரோட்டில் பஸ் ஏறிய பெண், ஐந்து வயதுச் சீனச் சிறுமியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னாள்:

"இவளைத் தத்தெடுக்க எங்க வீட்டுக்காரரு கொலைக் கேஸ் வக்கீலைப் பிடிச்சாருக்கா."

"ஏன்டி, யாரு யாரைக் கொன்னா?"

"யாரும் இல்லக்கா. பச்சைப்பிள்ளையாக் குடுத்த பெத்தவங்க திரும்பக் கேட்டுருவாங்களோன்னு அஞ்சு வருஷமா எங்களுக்குப் பயம். கோர்ட்டே அதிரப் பேசுறவரு வந்தாத்தான் பிள்ளை நமக்குன்னு நினைச்சுட்டாரு. நல்லவேளை, அந்த வக்கீலே சிரிச்சுட்டு, 'இதுக்குச் சத்தம் வேணாம், பேப்பர்தான் வேணும்'னு தத்துக் கேஸ் பாக்குற ஒரு அம்மாகிட்ட அனுப்பினாரு. அவங்க பேசுனா பக்கத்துல இருக்கவங்களுக்கே கேக்காது. இவருக்கு நம்பிக்கையே வரல."

"அப்புறம்?"

"அந்த அம்மாவே பெத்தவங்களைத் தேடிப் போயி, சம்மதம்னு கைநாட்டு வாங்கிட்டாங்க. இன்னைக்கு ஜட்ஜு இவகிட்ட, 'உங்கம்மா யாரு'ன்னு கேட்டாரு. இவ பயந்து என் முந்தானைக்குள்ள ஒளிஞ்சுட்டா. எனக்கு உசுரே போச்சு. அவரு சிரிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டுட்டாருக்கா!"

பின் இருக்கையில் கேட்டுக்கொண்டிருந்த நானும் பிள்ளை பெற்றவன். சிறுமியை எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

முன் இருக்கையிலிருந்த அவள் கணவர் திரும்பினார். "அந்த வக்கீலம்மா கொஞ்சம் சத்தமாப் பேசியிருந்தா இன்னும் சீக்கிரம் முடிஞ்சிருக்கும்லா."