மரத்தின் கழுத்து

முப்பத்தொரு மணி நேரமாக அவர் கண் மூடவில்லை.

விளக்கைக் கொஞ்சம் குறையுங்கள்… போதும். என்கூடப் படித்த ஒருத்தியின் சித்தப்பாவுக்கு நடந்தது இது. மலைமேல் ஓர் ஊர். அங்கே வீட்டுத் தோட்டங்களில் இருக்கும் பெரிய மரங்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. கிளை கழிப்பார். நோய் பார்ப்பார். வயதான மரம் நிற்குமா, விழுமா என்று சொல்வார்.

புயல் அடித்த மறுநாள் இரவு, மணி பதினொன்றரை. மேல் சாலையில் ஒரே ஒரு வண்டி… அவருடைய ஜீப். ஊரில் கரண்ட் இல்லை. மழை விட்டிருந்தது. காற்று விடவில்லை.

ஓட்டியவன் அவருடைய மைத்துனன். உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவான். அதனாலேயே அவனுக்கு ‘அலாரம்’ என்று பெயர்.

“அத்தான், இதோட போதும். எனக்கு ரோடு ரெண்டா தெரியுது.”

“ரெண்டுக்கும் நடுவுல ஓட்டு. இதான் கடைசி வீடு.”

கடைசி வீடு டீச்சரம்மாவுடையது. கணவர் படுத்த படுக்கை. பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. ஏதாவது வேண்டுமென்றால் கைத்தடியால் சுவரில் தட்டுவார். அவர் படுத்திருந்த அறைக்கு மேலேதான் தோட்டத்துக் கிழட்டு சைப்ரஸ் மரம் சாய்ந்திருந்தது. “நிக்குமான்னு பாத்துச் சொல்லுங்க தம்பி. இவரைத் தூக்கிட்டு நான் எங்க போவேன்?” என்று சாயங்காலம் போனில் அழுதிருந்தார்.

சித்தப்பா கேட்டைத் திறந்தபோது டீச்சரம்மா வாசலிலேயே நின்றிருந்தார். இப்போது அழவில்லை.

“ஐயா எப்படி இருக்காரு?”

“உள்ள படுத்திருக்காரு. நீங்க மரத்தைப் பாருங்க.”

மரச்சுத்தியலை எடுத்துத் தண்டைச் சுற்றிவந்து தட்டினார். உள்ளே கெட்டியாக இருந்தால் டொக். உளுத்திருந்தால் டொப். நெஞ்சு உயரத்தில் ஒரு முழுச் சுற்று. டொக்… டொக்… டொக். எங்கும் கெட்டி.

முந்தின நாளிலிருந்து ரம்பம் பிடித்ததில் கை மரத்துப் போயிருந்தது. விரல்கள் வேறு யாருடையவையோ போலிருந்தன. ‘நிற்கும்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்குப் போகலாம். சட்டையைக்கூடக் கழற்றாமல் படுக்கலாம். அந்த வார்த்தை வாய்வரை வந்துவிட்டது.

தட்… தட்… தட்.

வீட்டுச் சுவரிலிருந்து வந்தது. மெதுவாக.

“ஐயா கூப்பிடறாரும்மா.”

டீச்சரம்மா அசையவில்லை. டார்ச்சை மரத்தின் மேலேயே அடித்துக்கொண்டிருந்தார்.

தட் தட் தட். இந்த முறை அவசரமாக.

என்ன மனுஷி இவர்… சித்தப்பாவுக்கு எரிச்சல் வந்தது. அந்த அசதியில் யார் மேல் வேண்டுமானாலும் வந்திருக்கும். ஜன்னல் வழியாக நாமாவது ஒரு வார்த்தை பேசுவோம் என்று சத்தம் வந்த பக்கம் போனார். மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பூப்பாத்தி. மரத்தடியைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு மண் குவித்து, செங்கல் அடுக்கியிருந்தது. ஏறிக் கால் வைத்தார். பூட்ஸ் கணுக்கால்வரை இறங்கியது.

வாசனை வந்தது. காளான் வாசனை… ஈரத்துணியை நாள்கணக்கில் பெட்டியில் பூட்டி வைத்தால் வருமே, அது.

மரத்துக்குக் கழுத்து உண்டு. தண்டு வேராக விரிகிற இடம். அதை மண் போட்டு மூடினால் வெளியே தெரியாமல் அழுகும். எந்த வீட்டுக்குப் போனாலும் சித்தப்பா முதலில் குனிந்து அங்கேதான் தட்டுவார். அன்றைக்குக் குனியவில்லை. முதுகு வலித்தது. அவ்வளவுதான்.

முட்டி போட்டு மண்ணை வாரினார். தட்டினார். டொப். கொஞ்சம் தள்ளித் தட்டினார். சுத்தியல் உள்ளே போய்விட்டது. ஒரு காற்று வந்தது… அவர் முட்டிக்கு அடியில் தரை மெல்ல எழும்பி, மெல்ல இறங்கியது.

“டேய் அலாரம்! எந்திரிடா!”

வீட்டுக்குள் ஓடினார். அறையில் ஒரே இருட்டு. கம்பளியோடு ஐயாவை அள்ளித் தோளில் போட்டார். மரத்துப்போன கைக்குச் சூடும் தெரியவில்லை, குளிரும் தெரியவில்லை. கனம் மட்டும் தெரிந்தது. டீச்சரம்மா கால் பக்கம் பிடித்துக்கொண்டார். பின் இருக்கையில் அவரைச் சாய்த்து உட்காரவைத்து, பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

முதல் வளைவுகூடத் திரும்பியிருக்க மாட்டார்கள். பின்னால் நீளமாக ஒரு கிறீச்… அப்புறம் சாலையே அதிர்ந்தது. ஓடுகள் சரிந்தன. சரிந்துகொண்டே இருந்தன.

அலாரம் வண்டியை நிறுத்தாமல் ஓட்டினான்.

“நல்ல நேரத்துல தட்டினாரு ஐயா,” என்றார் சித்தப்பா. “இல்லேன்னா ‘நிக்கும்’னு சொல்லிட்டுப் போயிருப்பேன்.”

தட்… தட்… தட்.

“அத்தான்… பின்னாடி என்ன சத்தம்?” அலாரம் முழு விழிப்பில் இருந்தான்.

“ஐயாவுக்கு ஏதோ வேணும்போல. என்னன்னு பாருங்கம்மா.” சொல்லிக்கொண்டே சித்தப்பா திரும்பினார்.

டீச்சரம்மா கணவரின் இரண்டு கைகளையும் தன் மடியில் வைத்து இறுகப் பிடித்திருந்தார்.

“சொன்னா இவரை விட்டுட்டு வாங்கன்னு சொல்லிடுவீங்கன்னுதான் சொல்லலை, தம்பி,” என்றார். “நீங்க கேட்டைத் திறக்கறதுக்கு முன்னாடியே இவருக்கு மூச்சு நின்னுடுச்சு.”